எழுபத்தொன்றின் கடைசி வரி

அந்த ஒட்டுப் போட்ட இடத்தைத்தானே சார் பார்க்கிறீர்கள்? எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு பெரிய தூண்! ஏழு பட்டை. பட்டைக்கு ஒரு கல். இந்த ஊர்க்காரன் எந்தச் சண்டையில், எந்தப் பட்டாளத்தில், எந்தத் தேசத்து மண்ணில் போய் விழுந்தான் என்று தங்க எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறது. மெசபடோமியாவாம், பர்மாவாம், லடாக்காம். ஒருவனும் நின்று படிப்பதில்லை. எழுபத்தொன்றாம் வருடத்துக் கல்லில் கடைசி வரியில் கறுப்புப் பசையை அப்பித் தேய்த்திருக்கிறதே, அங்கே வந்ததும் கண் நின்றுவிடுகிறது. போட்டோ வேறு. எடுங்கள், எடுங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அது என் தம்பி சார். தணிகாசலம்.

உட்காருங்கள். எல்லாப் பஸ்ஸும் இந்த ரவுண்டானாவைச் சுற்றித்தான் போகவேண்டும், தவறாது. நான் ஏகாம்பரம், மாட்டுத் தரகன். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போய் என் பேரைச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் கும்பிடுவான், பாதிப் பேர் காறித் துப்புவான். என் கணக்கில் இரண்டும் மரியாதைதான். பள்ளிக்கூட வாசலை நான் மிதித்ததில்லை. அப்பன் போனபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. இடுப்பில் ஒரு தம்பி, கையில் ஒரு கிழட்டு எருமை. அதை வைத்து ஆரம்பித்தவன். இன்றைக்கு மாடி வீடு. எவனும் கொடுத்ததில்லை, பேசி வாங்கியது.

தம்பி என்னை மாதிரி இல்லை. அதுதான் சங்கடம்.

துண்டுப் பேரம் பார்த்திருக்கிறீர்களா? விலையை நாங்கள் வாயால் சொல்லமாட்டோம். இரண்டு பேரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவோம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து விரலையும் மடக்கி முஷ்டியாக வைத்துக்கொண்டால், 'விற்கிறதாக இல்லை, மாட்டை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போகிறேன்' என்று அர்த்தம். அந்த முஷ்டியை ஒவ்வொரு விரலாகப் பிரிக்கத் தெரிந்தவன்தான் தரகன். மற்றவனெல்லாம் மாடு மேய்க்கிறவன்.

ஒருநாள் இவனைச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். தொழில் பழகட்டும் என்று. ஒரு சிவப்பு மாடு. வாங்க வந்தவர் ஆரணிப் பக்கத்து ஆள், சாது. "ரெண்டாம் ஈத்துங்க, ரெண்டு கன்னுதான் போட்டிருக்கு. பச்சப் புள்ளகூட கறக்கலாம், அசையாது" என்று நான் சொல்லி, துண்டுக்குள் விரல் படிந்துவிட்டது. படிந்துவிட்டது சார்! அந்த நேரம் பார்த்து இவன் சொல்கிறான்: "ரெண்டாம் ஈத்து இல்லீங்கண்ணா, நாலாம் ஈத்து. கறக்கும்போது பின்னங்காலைக் கட்டிக்குங்க, உதைக்கும்." யாரிடம்? வாங்குகிறவனிடம்! சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், எனக்கு ஏதோ ஒத்தாசை செய்துவிட்டமாதிரி.

அடித்தேன். சாட்டைக் குச்சி ஒடிகிறவரைக்கும். பொய் சொல்லத் தெரியாதவன் சந்தைக்கு ஆவானா, நீங்களே சொல்லுங்கள். அப்போது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தமுக்கு அடித்தமாதிரி ஊரெல்லாம் பேச்சு. "நீ அதுக்குத்தான்டா லாயக்கு, போய்ச் சேரு" என்றேன். எனக்கு மாட்டு வேலை பிடிக்கும்ணா, விற்கவேண்டாம், மேய்த்துக்கொண்டு இருக்கிறேனே என்றான். மேய்க்கிறதாம்! எடை போதாது என்றார்கள். நான் விட்டுவிடுவேனா? ஒரு தார் வாழைப்பழம் வாங்கி வந்து, ஆள் எடுக்கிற மைதானத்து வேலி ஓரம் உட்காரவைத்து, தின்னுடா தின்னுடா என்று தின்னவைத்து, மேலே ஒரு சொம்புத் தண்ணீரும் குடிக்கவைத்து அனுப்பினேன். எடை நின்றது. அழுதுகொண்டே தின்றான். பழம் தொண்டையில் அடைத்துக்கொண்டால் கண்ணில் தண்ணீர் வரத்தானே செய்யும்.

ஆள் என்னமாய் ஆகிவிட்டான் தெரியுமா, ஒரு வருடத்தில்! மார்பு இப்படி. பூங்காவனத்தை நான்தான் பார்த்துக் கட்டிவைத்தேன். நல்ல குடும்பம், நல்ல பெண், எட்டாவது வரைக்கும் படித்தவள். அவர்கள் சேர்ந்து இருந்தது மொத்தமே இரண்டு லீவு. எண்பத்தேழில் அவன் பட்டாளத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். சமாதானம் பண்ணப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். சரி, சமாதானம்தானே, இவனுக்குப் பொருத்தமான வேலை என்று நினைத்தேன்.

அந்த வருடமே தீர்ந்துபோனான். உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று வந்தது, வெள்ளையில் பேரும் நம்பரும் எழுதி. பூங்காவனம் அதை என் வீட்டுப் பின்னறையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. வேறு கல்யாணம் பண்ணிக்கொள் என்று நானே சொன்னேன். "எங்க செத்தாருன்னு ஒரு தடவ பாத்துட்டு வரணும் மாமா, அப்பறம் யோசிக்கலாம்" என்றாள். எங்கே போய்ப் பார்ப்பது? அப்படியே தலை நரைத்துப்போயிற்று.

ஊரில் இன்னொரு கூத்து. கார்கிலில் செத்த பக்கத்து ஊர்க்காரனுக்கு எங்கள் தெருவே திரண்டு போனது. இவனுக்கு? "தமிழனைச் சுடப் போனவன் வீடு" என்று ஒரு பயல் எங்கள் சுவரில் கரியால் எழுதிவிட்டுப் போனான். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கத் தேடினேன். பூங்காவனம் பழந்துணியை நனைத்துத் துடைத்தாள். அவளுக்குக் கோபமே வராது சார். அதைத்தான் நான் தப்பாகக் கணித்துவிட்டேன்.

இந்தத் தூண் விஷயம் எப்படி வந்ததென்றால், சுபேதார் தேவசகாயம் என்று ஒருவர். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் காலில் குண்டு வாங்கினவர், நொண்டி நொண்டி நடப்பார். அவர்தான் வீடு வீடாகப் போய், முதல் உலகச் சண்டையிலிருந்து இந்த ஊர் ஆள் ஒருவன் விடாமல் பேர் சேர்த்தார். கமிட்டி போட்டார்கள். தலைவர், கல்யாண மண்டபத்துக்காரர். ஏழு சண்டை, ஏழு பட்டை என்று சுபேதார்தான் அமைப்புச் சொன்னார். ஏழாவது யாழ்ப்பாணம். அதில் நாலு பேர். அதில் ஒன்று நம் ஆள்.

கல் வெட்டி வந்தே விட்டது சார். நான் என் கண்ணால் பார்த்தேன். மேலே 'யாழ்ப்பாணம் 1987', கீழே நாலு பேர், மூன்றாவது தணிகாசலம். பூங்காவனம் லாரி மேலேயே ஏறி நின்று, அந்த ஊர்ப் பேரைத் தடவிக்கொண்டு இருந்தாள். தன் புருஷன் பேரைக்கூட இல்லை, ஊர்ப் பேரை. பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே கிளம்பிவிட்டார்கள், தமிழனைச் சுட்ட பட்டாளத்துக்குக் கல்லா என்று கேட்கிற கூட்டத்தார். அந்தக் கல்லை நட்டால் மறியல், உடைப்போம் என்று. மண்டபத்துக்காரர் பயந்துபோய்க் கல்லைத் தன் மண்டபத்துக்குப் பின்னால் இறக்கிவைத்துவிட்டார். சுபேதார் எங்கள் நாலு குடும்பத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "யாரும் தனியா போய்ப் பேசாதீங்க. நாலு பேரும் ஒண்ணா நிக்கணும். நின்னா கல்லு நிக்கும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "பேசத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நாலு வீட்டுக்கும் நீங்களே பேசுங்க" என்றார். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் தலையாட்டினார்கள். ஒரு விதவை, ஒரு வயசான அப்பா, ஒரு அக்காக்காரி. அந்த அக்காக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, உங்களத்தான் நம்பியிருக்கோம்" என்று அழுதாள்.

நான் சந்தையில் வளர்ந்தவன். நாலு மாட்டோடு போயிருக்கும்போது வானம் கறுத்துக்கொண்டு வந்தால் என்ன செய்யவேண்டும்? நாலையும் நனையவிட்டு நிற்பவன் முட்டாள். ஒன்றையாவது தள்ளிவிட்டு வருகிறவன் பிழைப்பான். இது புத்தியா துரோகமா, சொல்லுங்கள்.

மண்டபத்துக்காரரைப் போய்ப் பார்த்தேன். முகூர்த்தம் இல்லாத நாள். காலி மண்டபத்தில், மணமேடையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏகாம்பரம், சும்மா வராத. அந்தக் கல்லு ஏறாது."

"நாலு பேர் கெடக்கட்டும் தலைவரே. என் தம்பி ஒருத்தன்."

"ஒருத்தன்னாலும் அந்த ஊர் பேரு வந்தா வம்புதான்யா."

"ஊர் பேரை யாரு கேட்டா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிராளி நிமிர்ந்தால் பேரம் படிந்தது என்று அர்த்தம். நான் மெதுவாக இறக்கினேன். எழுபத்தொன்றாம் வருடத்துக் கல்லில் கடைசியில் ஒரு வரி காலியாக இருக்கிறதே, அழகுக்காக விட்டது, அதில் ஏற்றிவிடுங்கள். சின்ன எழுத்தில் போதும். எவன் பார்க்கப்போகிறான்?

"அடப்பாவி, எழுபத்தொண்ணுல உன் தம்பிக்கு என்ன வயசு?"

"கல்லுல வயசா வெட்டப் போறீங்க?"

சிரித்துவிட்டார். "சரிய்யா. மத்த மூணு வீடு?"

"அதை நான் பாத்துக்கறேன். அவங்க சார்பா பேசறது நான்தானே? கல்லு வேணாம்னு எல்லாருமா ஒத்துக்கிட்டோம்னு நான் சொன்னா சொன்னதுதான்."

கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னார், "யோவ், உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா நாட்டுக்குச் சண்டையே வேணாம்யா, பேசியே வாங்கிடலாம்." பாராட்டுத்தானே அது? அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது ஒரு கிலோ கறி வாங்கிக்கொண்டு வந்தேன். பூங்காவனம் வாசலில் நின்றாள். "பேரு ஏறிடுச்சும்மா" என்றேன். "ஊர் பேரு மாமா?" என்றாள். எல்லாம் இருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பெண்பிள்ளைகளிடம் வியாபாரத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அடுத்த நாள் சாயங்காலம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஒல்லியாக ஒரு ஆள், சட்டை முழுக்கப் பெயிண்ட். அகதி முகாமில் இருக்கிறவர், யாழ்ப்பாணத் தமிழர், யோகநாதன் என்று பேர். அந்தக் கல்லுக்கு எதிராக நின்றவர்களில் இவரும் ஒருவர். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வெளியே போ என்று கத்துவதற்குள் பூங்காவனம் நாற்காலி போட்டு, டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"அக்கா, நான் சண்டைக்கு வரேல்லை" என்றார் அவர். "உங்கட அவர் நல்லவராய்த்தான் இருந்திருப்பார். ஆனா என்ர தங்கச்சியும் அந்த மாசத்திலதான் செத்தவ. ஷெல் எந்தப் பக்கத்தால வந்ததெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அவளுக்கு ஒரு கல்லும் இல்லை."

பூங்காவனம் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "அந்த ஊரு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

நாற்பது வருடம் ஆகப்போகிறது சார், அவள் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறாள் போலிருக்கிறது. அவர் சொல்ல ஆரம்பித்தார். பனைமரம். சிவப்பு மண். ஓலை வேலி. எங்கள் ஊர் மாதிரியே வெயில், ஆனால் காற்றில் உப்பு. இவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். எனக்கு எரிச்சல்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "அக்கா, அந்தக் கல்லில வீரம், வெற்றி எண்டு ஒண்டும் போடாதேங்கோ. பெயரும் யாழ்ப்பாணம் எண்டும் மட்டும் இருக்கட்டும். நான் எங்கட ஆக்களோட கதைக்கிறன். எங்கட சனமும் அங்கதானே செத்தது. அந்தப் பெயர் இந்த ஊர்க் கல்லில இருந்தா, நானும் வந்து ஒரு பூ வைப்பன்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நேற்றே முடித்தாயிற்று, இன்றைக்கு வந்து விலை சொல்கிறான்! நல்ல விலைதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கை படிந்த பிறகு அடுத்தவன் அதிகம் கொடுக்கிறான் என்று போய்த் திருப்பிக் கேட்பது சந்தை தர்மம் இல்லை சார். என் வாழ்க்கையில் கொடுத்த வாக்கை நான் மாற்றினது கிடையாது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

திறப்பு விழா. பேண்டு, பந்தல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. ஏழு பட்டைக்கும் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. சுபேதார் பழைய மெடலையெல்லாம் குத்திக்கொண்டு வந்திருந்தார். எதிர்த்தவர்கள் சமாதானமாகிவிட்டார்கள், எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மண்டபத்துக்காரர் அவரிடம் சொல்லி வைத்திருந்தார். நானும் ஆமாம் என்றிருந்தேன். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் முன் வரிசையில், புதுத்துணியில். அந்த அக்காக்காரி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பூங்காவனம் அன்றைக்குத்தான் டிரங்குப் பெட்டியில் இருந்த பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். கல்யாணப் புடவை. கூட்டத்தின் கடைசியில் சைக்கிளோடு அந்த முகாம்காரரும் நின்றார். கையில் சின்னதாக ஒரு பூப் பொட்டலம்.

சுபேதார் ஒரு முறை வைத்திருந்தார். துணியை விலக்கியதும் கல்லைப் பார்த்தே பேர்களைப் படிப்பார். ஆஜர் எடுக்கிறமாதிரி. ஒவ்வொரு பேருக்கும் அந்த வீட்டு ஆள் எழுந்து நின்று "இருக்கிறோம்" என்று சொல்லவேண்டும். பழைய சண்டைகளுக்கு வீட்டு ஆள் யாரும் இல்லை, ஊரே சேர்ந்து "இருக்கிறோம்" என்றது. எனக்கே உடம்பு சிலிர்த்தது சார், பொய் சொல்லமாட்டேன்.

எழுபத்தொன்றாம் வருடத்துக் கல் திறந்தது. இது அவருடைய சண்டை, அவருடைய கூட்டாளிகள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்தார். "தணி..." என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். குனிந்து கிட்டத்தில் பார்த்தார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இருக்கிறதே... விடுங்கள். பட்டாளத்து ஆள், எழுதியிருந்தால் படிக்கவேண்டும். "தணிகாசலம்" என்று முடித்தார்.

பூங்காவனம் எழுந்தாள். அவ்வளவுதான், "இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்துபோயிருக்கும். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "சொல்லிட்டு உக்காரும்மா" என்றேன். அவள் கல்லையே பார்த்தாள். பிறகு நடந்து மைக்குக்குப் போனாள். மேடை ஏறினதே கிடையாது சார் அவள். மைக்கில் வாய் இடித்தது.

"எழுபத்தொண்ணுல என் வீட்டுக்காரர் ரெண்டாங்கிளாசு" என்றாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"அவரு செத்தது யாழ்ப்பாணத்துல. இதுல இருக்கிறது அவரு இல்லைங்க. வேற யாரோ செத்த எடத்துல அவரைக் கொண்டாந்து உக்காரவெச்சிருக்காங்க. அவரு அடுத்தவங்க எடத்துல உக்காரமாட்டாரு. எங்க செத்தாருன்னு சொல்லக்கூடாதுன்னா, பேரும் வேணாங்க. எடுத்துடுங்க."

நாலாம் ஈத்து! அதேதான் சார்! விரல் படிந்த பிறகு வாங்க வந்தவனிடம் போய்க் குறையைச் சொல்கிறது! அதே வாய். அவன் பெண்டாட்டிதானே. நான் நாற்காலியை எட்டி உதைத்தேன். என்னென்னவோ கத்தினேன். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

ஏழாவது துணியை இழுக்க வேண்டியது பாக்கி. சுபேதார் இழுக்கவில்லை. நொண்டிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். மண்டபத்துக்காரரே இழுத்தார். அந்த மூன்று வீட்டுக்காரர்களும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், "இருக்கிறோம்" சொல்வதற்கு. கல்லில் என்ன இருந்தது என்று இந்தப் பக்கம் வந்து பாருங்கள். 'நினைவுத்தூண் அமைய ஒத்துழைத்தோர்.' தலைவர், துணைத்தலைவர், சிமெண்டு கொடுத்தவர், பந்தல் போட்டவர். அந்த வயசான அப்பா இருக்கிறாரே, அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. மகன் பேர் எங்கே, எங்கே என்று கையால் தடவிக்கொண்டே இருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். முகாம்காரர் இல்லை. சைக்கிள் நின்ற இடத்தில் அந்தப் பொட்டலம் மட்டும் கிடந்தது. கூட்டம் கலையும்போது மிதிபட்டுப்போயிற்று.

பத்திரிகைக்காரன் எழுதிவிட்டான், நினைவுத்தூணில் போலிப் பேர் என்று. ஒரு வாரத்தில் மெஷின் கொண்டுவந்து அராவி எடுத்து, பள்ளத்தில் கறுப்புப் பசையை அப்பினார்கள். நான் இதே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கல்மாவு பறந்து என் வேட்டியெல்லாம் வெள்ளை. தணிகாசலம் என்று ஆறு எழுத்து. வெட்டுவதற்கு ஒரு நாள் ஆயிற்று, அராவுவதற்கு ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அந்த நிஜக் கல்லைப் போய்க் கேட்டேன் சார், சும்மா இருக்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் போட்டுச் சிமெண்டு பூசிவிட்டார்கள். குப்புறப் போட்டிருக்கிறது. கல்யாண நாளில் போனால் பார்க்கலாம், பெண்பிள்ளைகள் அதன்மேல் குந்தி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கையைப் பிடித்தேன். "எந்தக் கல்லுய்யா?" என்கிறார் மண்டபத்துக்காரர். அந்த மனுஷனின் கை மட்டும் எனக்குப் பிரியவில்லை. சரி, ஒரு விதத்தில் நல்லது. எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கிறது, தேயாது.

மூன்று வீட்டுக்காரர்களும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். திரும்ப மனு கொடுக்கலாமே என்று சுபேதாரிடம் ஆள் அனுப்பினேன். நாலு வீடும் வேண்டாம் என்று ஏற்கனவே சொல்லிவிட்டதே, உங்கள் ஆள்தானே சொன்னார் என்று கமிட்டியில் கேட்கிறார்களாம். முகாம்காரரைத் தேடிப்போனேன். "இனி என்னத்தைக் கதைக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கப் போய்விட்டார். சுபேதார் அதற்குப் பிறகு இந்த ரவுண்டானாப் பக்கமே வருவதில்லை. போன மாசம் செத்துப்போனார். அவர் பேர் எந்தக் கல்லிலும் வராது. படுக்கையில் செத்தவன் பேர் வராதாம்.

பூங்காவனமா? விழா முடிந்த மறுநாள் காலையில் ஆட்டோ வந்து நின்றது. டிரங்குப் பெட்டியை அவளே தூக்கி வைத்தாள். ஆம்பூரில் தங்கச்சி வீடு. நான் வாசலை மறித்தேன். இத்தனை வருடம் சோறு போட்டவன், உனக்காக ஊரையே பகைத்துக்கொண்டவன் என்று எண்ணி எண்ணிச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"ஒரு மாட்டுக்கு நாலாம் ஈத்துன்னு சொன்னதுக்குக் குச்சி ஒடிய அடிச்சீங்களாமே மாமா. அவரு சொல்லியிருக்காரு" என்றாள்.

"அதைப் போயி மனசுல வெச்சிருந்தானா?"

"அடிய சொல்லல. அந்த மாட்ட வாங்க வந்தவருக்கு உதை விழலையேன்னு சந்தோசப்பட்டாரு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

அவ்வளவுதான் பேசினாள். ஆட்டோ போய்விட்டது. பின்னறை காலி. பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. கழுவினாலும் போகவில்லை.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் என்ன எனக்காகவா கேட்டேன்? தம்பிக்காகத்தானே? ஒன்றுமே இல்லாமல் போவதற்கு ஒரு வரியாவது இருக்கட்டும் என்று பேசியது தப்பா? எப்படியோ, எங்கள் வீட்டுப் பேர் இந்தத் தூணில் இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. ஏழாவது கல்லில், ஒத்துழைத்தோரில், கடைசிக்கு மேல் பேர் பாருங்கள். 'மாட்டு வணிகர் திரு. ஏகாம்பரம்.' அதை யாரும் அராவவில்லை. மண்டபத்துக்காரர் சொன்ன வாக்குக்கு மேலேயே செய்தார். நான் கேட்காமலே போட்டது அது.

தினமும் இங்கே வந்து உட்காருகிறேன். சந்தைக்குப் போவதை விட்டுவிட்டேன். துண்டுக்குள் கையை விட்டால் இப்போதெல்லாம் எதிராளியின் விரல் எனக்குப் படுவதில்லை. அவன் கை ஞாபகம் வந்துவிடுகிறது. தம்பி கை. கடைசி லீவு முடிந்து போகும்போது காட்பாடி ஸ்டேஷனில் வண்டி ஏற்றிவிடப் போயிருந்தேன். வண்டி ஊதினபோது திடீரென்று என் தோள் துண்டை இழுத்து, அதற்குள் கையை விட்டு என் கையைப் பிடித்தான். விளையாட்டு. சந்தைக்கு வந்தது கொஞ்ச நாள்தான் என்றாலும் கற்றுக்கொண்டிருக்கிறான் பயல். ஐந்து விரலையும் மடக்கி, முஷ்டி. நல்ல இறுக்கு.

நான் விடுவேனா? எத்தனை முஷ்டி பார்த்திருக்கிறேன்! ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கட்டை விரல், ஆள்காட்டி... சுண்டு விரல்தான் கடைசிவரைக்கும் மடங்கியே நின்றது. அதையும் பிரித்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வண்டியில் ஏற்றிவிட்டேன். அவன் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்தில் முகம் தெரியவில்லை.

எங்கே, உங்கள் கையைக் கொடுங்கள் சார். சும்மா கொடுங்கள், துண்டுக்குள். மடக்குங்கள். இன்னும், இன்னும் இறுக்கி. உங்களுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு. ம். அதோ உங்கள் பஸ் வளைகிறது, இருங்கள், ஒரே நிமிஷம்... இதோ ஒன்று... இதோ...

பார்த்தீர்களா? பிரிந்துவிட்டது.

போங்கள் சார், ஏறுங்கள்.